கொலுப்படிக்கு அடியில் ஊஃபர்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நிலநடுக்கமே வந்தாலும் எங்கள் தெருவில் யாரும் வெளியே ஓடமாட்டார்கள். ஊஃபர் சார் யார் வீட்டிலோ வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். பழைய ஸ்டீரியோ எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய், அதற்கு ஓர் ஊஃபர் பெட்டியை மாட்டிச் சுவரெல்லாம் அதிரவைக்காமல் விடமாட்டார்.

ஸ்க்ரூடிரைவரோடு அவர் தெருவில் இறங்கினாலே நான் வாசல் கதவைச் சாத்திவிடுவேன். எதிர்வீட்டில் அவர் மாட்டிய அன்று சுவர்க்கடிகாரம் கீழே குதித்தது. அந்த வீட்டுப் பூனை போனது போனதுதான்.

போன நவராத்திரிக்கு என் மகள் பிரசவத்துக்காக வந்திருந்தாள். நிறைமாதம். இந்த நேரத்தில் கொலுவில் ஒரு பொம்மை உடைந்தாலும் ஆகாது என்று என் மனைவி பயந்து பயந்து அடுக்கினாள். அப்படிப்பட்டவள், வாசலில் போன ஊஃபர் சாரிடம், "ஸ்டீரியோல பாட்டு ரொம்ப சன்னமா கேக்குது சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மனிதர் பெட்டியோடு வந்துவிட்டார்.

"எங்க சார் வைக்கப்போறீங்க?" வழியை மறித்தபடி கேட்டேன்.

"பேஸ் சவுண்டுக்கு மூலைதான் சார் பெஸ்ட். கொலுப்படிக்கு அடியில காலியாத்தானே இருக்கு? வேட்டி மறைச்சிடும்."

"பொம்மைங்க ஆடாதா?"

"நான் இருக்கேன்ல?"

என் பயமே அதுதான்.

படுத்து உள்ளே நுழைந்து வயரை மாட்டினார். வெளியே வந்து, படிமேல் விரித்த வேட்டியை இறுக்கிக் குண்டூசி குத்தினார். ஊஃபரின் பின்பக்கத் திருகு முழுச் சத்தத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. உடுக்கை அடிக்கும் அம்மன் பாட்டு ஒன்றைப் போட்டார்.

முதல் அடியிலேயே தசாவதாரம் நடக்க ஆரம்பித்தது. செட்டியார் கடையோடு கிளம்பினார்.

"ஐயோ, மச்சாவதாரம் விழுது!" என்று அலறினாள் மனைவி.

ஊஃபர் சார் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்துப் படிகளோடு ஒட்டிக்கொண்டார். நான் ஸ்டீரியோவை நிறுத்தினேன். அதிர்வு நிற்கவில்லை. உள்ளே ஸ்டீரியோ வயர் கழன்று, தனிக் கரண்டில் ஓடிய ஊஃபர் தானாகவே உறுமிக்கொண்டிருந்தது.

அறைக்குள்ளிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, உள்ள பயங்கரமா உதைக்குதுப்பா!"

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஒரு பொம்மைகூட உடையவில்லை. ஆனால் ஊஃபர் சார் முகத்தில் ஈயாடவில்லை.

"நிறைமாசப் பொண்ணு உள்ள இருக்குன்னு ஏன் சார் சொல்லல?" என்று முணுமுணுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அதன்பிறகு தெருவில் அவர் தலையே தென்படவில்லை. தெரு நிம்மதியாக இருந்தது. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

பேரன் பிறந்த மறுநாள், தாம்பரம் ஆஸ்பத்திரியில் அறை வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"கொழந்தைக்குக் காது கேக்குதா சார்?"

இத்தனை நாளாக மனிதர் இந்தப் பயத்தோடா இருந்திருக்கிறார்! கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். தொட்டில் அருகே குனிந்து, மெல்ல ஒரு தடவை கைதட்டினார். குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது.

"கேக்குது சார்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அவரை விடவில்லை.