மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்காக நிமிர்த்திய சைக்கிள்

முதுகு நேராக இருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பொறாமைதான், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடத்திலேயே ஆறடி வளர்ந்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் போர்டு தெரியவில்லை என்று கத்துவானே என்று குனிந்து குனிந்து பழகினேன். அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு பம்புசெட் கடையில் கணக்கு வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் பகல் முழுக்கக் கும்பிடு போடுகிற மாதிரி உட்கார்ந்து, கல்யாண வயது வந்தபோது கதிரறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்துபோயிருந்தேன்.

கல்யாணம் என்ற பேச்சு வராதவரை அதில் ஒரு கஷ்டமும் இல்லை. முதலில் வத்தலக்குண்டில் ஒரு பெண் பார்த்தோம். காபி, பஜ்ஜி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஊர் திரும்பியதும் தரகர் சூசை வந்து தலையைச் சொறிந்தார்.

“பையன் தங்கமான பையன்தான்னு சொல்றாக. ஆனா எந்நேரமும் கீழ எதையோ தொலச்சிட்டுத் தேடுற மாதிரியே இருக்காராம்.”

அம்மாவுக்கு வந்ததே கோபம்! அவர்கள் மேல் இல்லை, என் மேல். “ஏலே அருளு, உனக்கு எலும்பு இருக்கா இல்லையா? எத்தன தடவ சொல்லியிருப்பேன், நிமிந்து உக்காருன்னு!” (சொல்லியிருக்கிறார். எல்.கே.ஜி. முதல் சொல்லியிருக்கிறார்.)

இதற்கிடையில் நான் வேறொரு புத்திசாலித்தனமும் செய்து வைத்திருந்தேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தேன். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஹேண்டில்பார் தாழ்வாக, வெகு தூரத்தில் இருக்கும். அதை எட்டிப் பிடித்து ஓட்டினால் என் நெற்றி முன்சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும். “பின்னாலருந்து பாத்தா தலையே தெரியலடா. முண்டம் ஒண்ணு தனியா சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு” என்று அம்மா தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

அடுத்து சூசை கொண்டுவந்தது ரெட்டியார்சத்திரத்து இடம். பெண்ணின் அப்பாவுக்குப் பூ விவசாயம். பெண் ஜெசிந்தா, பள்ளிக்கூட டீச்சர். போட்டோவை வாங்கிப் பார்த்தேன். பெண் பார்க்கக் கொடுக்கிற போட்டோவில் எல்லோரும் பாஸ்போர்ட் எடுக்கிற மாதிரி முறைப்பார்கள். இந்தப் பெண் அத்தனை பல்லும் தெரிய, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. சாதாரணமாகப் பிடிக்கவில்லை, இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது. போட்டோவைத் திருப்பிக் கேட்டபோது காணவில்லை என்று பொய்கூடச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையாகப் பெண் பார்க்க அழைப்பதற்கு முன்னால், பெண் வீட்டார் மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எப்படி நடக்கிறான், யாரோடு சிரிக்கிறான், பெட்டிக்கடையில் என்ன வாங்குகிறான் என்பதையெல்லாம் கண்காணிப்பார்கள். பரம ரகசியம். அந்த ரகசியம் மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது, சட்டம் அவ்வளவுதான்.

சூசை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “வெள்ளிக்கிழம காலையில பொண்ணோட பெரியப்பாவும் பெரியம்மாவும் வாராக. தம்பி வேலைக்குப் போற ரோட்டுல இருக்குற டீக்கடையில உக்காந்திருப்பாக. பெரியப்பா பெரிய மீச, பச்சத் துண்டு. பெரியம்மா கையில குடை இருக்கும். தம்பி தன்பாட்டுக்குப் போகணும். அங்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது.”

“அன்னைக்கு மட்டும் பஸ்ஸுல போகச் சொல்றேன்” என்றார் அம்மா.

“ஐயையோ, வேணாம்மா! குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சைக்கிள்லதான் வேலைக்குப் போவாப்லன்னு நான் ஏற்கெனவே சொல்லிப்புட்டேன்.”

ஆக, சைக்கிளில்தான் போக வேண்டும். அந்தச் சைக்கிளில் போனால் வத்தலக்குண்டு கதைதான். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. முதுகை நிமிர்த்த முடியாது, சைக்கிளை நிமிர்த்தலாம்.

புத்தியுள்ளவன் சைக்கிள் கடைக்குப் போயிருப்பான். நான் செல்போனில் வீடியோ பார்த்தேன். விஷயம் ரொம்ப எளிது என்றார்கள். ஹேண்டில்பார் சீட்டைவிட உயரமாகவும் பக்கத்திலும் வந்தால் முதுகு தானாக நிமிரும். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்கிற அளவுக்குச் சீட்டின் உயரம் இருந்தால் போதும். நான் முதலில் சீட்டை ஒரேயடியாக இறக்கினேன். முழங்கால் வந்து தாடையில் இடித்தது. மறுபடி ஏற்றினேன். அப்புறம் ஆலன் கீ என்கிற வளைந்த திருகுச் சாவியால் ஹேண்டில்பாரைத் தளர்த்தி, அதன் தண்டைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தேன். தண்டில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் இதற்கு மேல் ஏற்றாதே என்று எழுதியிருந்தது. படித்தேன். (படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.) கம்பெனிக்காரன் சாதாரண உயரத்து ஆட்களை நினைத்து எழுதியிருக்கிறான், ஆறடி ஆளை அவன் எங்கே பார்த்தான் என்று முடிவு செய்து, கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டு விரற்கடை ஏற்றினேன்.

ஏற்றியதும் பிரேக் ஒயர் எட்டவில்லை. பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, சைக்கிள் நகர மறுத்தது. அதற்கென்ன, ஒயரைத் தாராளமாகத் தளர்த்திவிட்டேன். சக்கரம் ஜம்மென்று சுற்றியது. எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது பார் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஒத்திகை. சைக்கிளை ஹாலுக்குள் கொண்டுவந்து பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். அம்மா பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் யாரோ ஒரு மிடுக்கான ஆள் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு முன்னால், தோள் பின்னால், தலை மேலே. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சேசுவே, எம் புள்ளையா இது! இம்புட்டு அழகா இருந்துக்கிட்டா இத்தன வருசமா வளஞ்சு கெடந்த?”

கண்ணாடியில் அழகு தெரிந்தது. ஹேண்டில் ஆடுவது தெரியவில்லை. பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். தெருவைத் தாண்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் நான் தார் ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கடைகளின் பெயர்ப்பலகை, மாடிகளில் காயும் துணி, தூரத்து மலைக்கோட்டை எல்லாம் கண்ணில் பட்டன. எதிரே வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ராஜா மாதிரி போனேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ரோடு லேசாக இறங்குகிற இடத்தில் அந்த டீக்கடை. தூரத்திலேயே பச்சைத் துண்டு தெரிந்தது. மீசை தெரிந்தது. குடையும் தெரிந்தது. திரும்பிப் பார்க்காதே, பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே, இருக்கிற நிமிர்வு போதாதென்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன். நிமிர்வதற்குப் பிடிமானம் வேண்டுமே? ஹேண்டில்பாரை என் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

வந்துவிட்டது. தண்டோடு, முழுசாக, என் கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மனுசனுக்கு என்ன தோன்றும்? எனக்கு பிரேக் பிடிக்கத் தோன்றியது. நெஞ்சுக்கு நேரே ஹேண்டில்பாரைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ஒயர்தான் தாராளமாகத் தொங்குகிறதே! சைக்கிள் தன்பாட்டுக்கு இறக்கத்தில் போனது. நான் முதுகு வளையாமல், கண்ணிமைக்காமல், இரண்டு கையிலும் ஹேண்டிலை ஏந்திக்கொண்டு டீக்கடையைக் கடந்தேன். பெரியம்மா அப்போது கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

“ஏங்க, தம்பி என்னத்தையோ தூக்கிக் காட்டுறாரே, நமக்கா காட்டுறாரு?”

“பேசாம இரு. நம்மள அவருக்குத் தெரியாதுல்ல” என்றாராம் பெரியப்பா.

கடைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “சேசு மரி சூசையே!” என்று கத்திக்கொண்டே நான் அந்தக் குவியலுக்குள் போய்ப் படுத்தேன். வண்டி சாய்ந்தது. நானும் திராட்சையும் தரைக்கு வந்தோம். வெள்ளைச் சட்டை அன்றைக்கு ஊதாவானது, இன்றுவரை ஊதாதான்.

“அடப் பாவி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இப்பத்தான எறக்கி வச்சேன் திராட்சக் கொலையெல்லாம்! ஹேண்டிலக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டா வண்டி ஓட்டுவ? எந்த ஊர்க்காரன்யா நீ?” அக்கா திட்டியதில் ஒரு வார்த்தைகூட நியாயமில்லாதது கிடையாது.

கூட்டம் கூடியது. இரண்டு பேர் என்னைத் தூக்க வந்தார்கள். கண்ணில் வழிந்த திராட்சைச் சாற்றைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு பச்சைத் துண்டும் மீசையும். பக்கத்தில் குடை. இத்தோடு வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் யாரோ எவரோ என்று போயிருக்கும். பெரியவர்களைக் கண்டால் மரியாதை கொடுக்க வேண்டும் என்று அம்மா வளர்த்த வளர்ப்பு, வாய் சும்மா இருக்கவில்லை.

“வாங்க மாமா, வாங்க அத்தை. எப்ப வந்தீங்க? ரெட்டியார்சத்திரத்துல எல்லாரும் சௌக்கியமா?”

பெரியப்பாவின் மீசை அப்படியே நின்றுவிட்டது. பெரியம்மா குடையால் வாயை மறைத்துக்கொண்டார். “தம்பிக்கு நம்மள முன்னாலயே தெரியுமாக்கும்?” என்றார். நான் கையிலிருந்த ஹேண்டில்பாரை இன்னும் கீழே வைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “வத்தலக்குண்டும் போச்சு, ரெட்டியார்சத்திரமும் போச்சு. இனி பழனிப் பக்கம் போய்த்தான் பொண்ணு தேடணும்.” சூசை போனை எடுக்கவில்லை. அவரை அந்த வீட்டில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். நான் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன்.  சிரித்த முகத்தோடு ஒரு பெண் கிடைக்க இருந்தாள், அதை ஒரு ஆலன் கீயை வைத்துக் கெடுத்துக்கொண்டேனே என்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த வாரம் சூசை நேரிலேயே வந்தார். முகத்தில் குழப்பம். “பெரியப்பா வேணவே வேணாம்னுட்டாரு. பிரேக் இல்லாத வண்டிய ஓட்டுற ஆளுக்கு எங்க பிள்ளையக் குடுக்க மாட்டோம்னு குதிச்சாரு. பொண்ணுதான் அந்த ஆள நேர்ல பாத்தே ஆகணும்னு நிக்குதாம். கெளம்புங்க.”

போனோம். பஸ்ஸில்தான். அவர்கள் வீட்டில் கேசரி வந்தது, வடை வந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய பன்னீர் திராட்சையும் வந்தது. பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தோள் குலுங்கியது. நான் கட்டை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து ஒரே ஒரு திராட்சையை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜெசிந்தாதான் முதலில் பேசினாள்.

“பெரியப்பா வந்து சொன்னப்ப எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சு. அப்புறம் சைக்கிள நிமித்துன கதையத் தரகர் சொன்னாரு, ராத்திரி படுத்து யோசிச்சேன். ஒருத்தர் நம்ம வீட்டாளுக பாக்க வாராகன்னு சைக்கிளயே பிரிச்சு மாட்டியிருக்காரே, எனக்காக இம்புட்டு மெனக்கெட இதுவரைக்கும் யாரும் இருந்ததில்லையேன்னு தோணுச்சு.”

நான் இன்னும் கொஞ்சம் விறைத்து உட்கார்ந்தேன். தலையை ஆட்டினேன்.

“இப்பவும் விறைச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க? முதுகு வலிக்குதுல்ல?”

“ஆமாங்க, உயிர் போகுது.”

“அப்ப எப்பவும் போல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அப்பாடா என்று முதுகு அதன் வளைவுக்குத் திரும்பியது. அந்த நிம்மதியை நான் வேறு எந்த நாற்காலியிலும் அனுபவித்ததில்லை. இந்தப் பெண்ணோடு ஆயுசு முழுக்க இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

கல்யாணப் பூசை முடிந்து கோயில் படியில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பெண் வீட்டார் மொத்தப் பேரும் சுற்றி நின்றார்கள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, “மாப்ள சார், கொஞ்சம் நிமிருங்க” என்றார்.

“வேணாம்ப்பா!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறா பறந்தது. “நிமித்தாத! கையோட வந்துரும்!”

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாய்ந்த கதவு, ஆடுகிற கட்டில், வளைந்த ஆணி என்று எதை நிமிர்த்தப் போனாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். பெரியப்பா போட்ட அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான் போட்டோவும் பதிந்தது. அதைத்தான் பெரிதாக்கி எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறோம். அதில் ரெட்டியார்சத்திரம் மொத்தமும் வாயைப் பிளந்து சிரிக்கிறது. கல்யாணப் பெண்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறாள். நான் வெட்கத்தில் குனிந்து குனிந்து அவள் உயரத்துக்கே இறங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “அடடா, ரெண்டு பேரும் ஒரே உயரம், என்ன பொருத்தம்!” என்கிறார்கள்.