பீரங்கியாரின் பெரட்டு

உலகப் போர் முடிந்துவிட்டது என்ற செய்தியை இன்னும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ரயில்வே ஸ்டேஷனில்தான் இருக்கிறார். ஊரே அவரைப் ‘பீரங்கி’ என்றுதான் கூப்பிடும்.

பிளாட்பாரத்தின் கோடியில் வட்டமாக ஒரு கொங்கிரீட் குழி. ஜப்பான்காரனின் விமானம் வந்தால் சுடுவதற்காக வெள்ளைக்காரன் கட்டியது. துப்பாக்கி எப்போதோ போய்விட்டது; குழியும் நம்ம பீரங்கியாரும்தான் மிச்சம். அவர் லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் குழிக்குள் இறங்கி, நெற்றியில் கைவைத்து வானத்தைத் துழாவிவிட்டு, நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போவார்.

“இன்னைக்கும் பிளேன் வரலைங்க மாத்தயா.”

“ஹொந்தாய், ஹொந்தாய்,” நல்லது என்று சிங்களத்தில் சொல்வார் ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி.

எதிரே வரும் ரயிலே பனியில் தெரியாத ஊர் இது. “இந்தப் பனியில பிளேன் வந்தா உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்று ஒருநாள் ஆபீஸ் ரயிலுக்குக் காத்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

“எனக்கு அவனத் தெரியலைன்னா, அவனுக்கு மட்டும் நம்மளத் தெரியுமாக்கும்?” என்றார்.

போன வருடம், குழியை உடைத்து வாகனம் நிறுத்த இடம் ஒதுக்கும்படி உத்தரவு வந்தது. மனுஷன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

“கங்காணி வேலையும் போச்சு. இதையும் புடுங்கிட்டா நான் எங்கங்க போறது?” என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

உடைக்கிற நாளன்று பத்து ஆட்கள் சம்மட்டியோடு வந்து இன்ஜினியருக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். பீரங்கி குழியின் விளிம்பில் ஏறி நின்று ஒரு கத்துக் கத்தினார்.

“பெரட்டுக்கு வாங்கடோய்!”

காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, அன்றைய வேலையைக் கேட்டு வாங்கியே பழகிய உடம்புகள். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பத்துப் பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள்!

“நாலு பேரு புல்ல வெட்டுங்க. மூணு பேரு தண்ணி ஓடுற கான்ல மண்ண அள்ளுங்க. மத்தவங்க ஸ்டேஷன் சுண்ணாம்ப எடுத்து அடிங்க. முடிச்சாத்தான் முழுப்பேரு, முழுநாள் சம்பளம்; இல்லேன்னா அரைநாள்தான்!”

இன்ஜினியர் வந்தபோது குழி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சுற்றிச்சுற்றி வந்தார். போட்டோ எடுத்தார். ‘இவ்வளவு அழகானதை ஏன் உடைக்கணும்? வாகனத்தை அந்தப் பக்கம் நிறுத்தலாமே’ என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மேலிடத்துக்குப் போன் போட்டார். குழி பிழைத்தது.

முந்தாநாளிலிருந்து பீரங்கிக்குக் காய்ச்சல். இன்று காலை எனக்கு மனம் கேட்கவில்லை. ஆபீஸ் ரயிலை விட்டுவிட்டு, குழிக்குள் இறங்கி, நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். பிறகு அவர் குடியிருக்கும் லயத்து அறைக்குப் போனேன்.

“இன்னைக்கும் பிளேன் வரலைங்க.”

கம்பளிக்குள்ளிருந்து தலை நீண்டது. “நல்லாப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“சரி, ஒனக்கு முழுப்பேரு.”

ஆபீசில் எனக்கு அரைநாள் சம்பளம் வெட்டு. போகட்டும். மனுஷன் நல்லபடியா எழுந்து வரட்டும். அதுவரை வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.