கெற் அக்கா கடல் கடந்த கதை

ஆங்கில மொழி முழுவதையும் ஒரே ஒரு வினைச்சொல்லால் மடக்கிப் பிடித்துவிடலாம் என்று நம்பி, பிடித்தும் காட்டிய மனுசி இந்த உலகத்தில் ஒருவர்தான். கிளிநொச்சி வாடகை வீட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவர். படுத்தவர் என்பது ஒரு பேச்சுக்கு. அவர் படுத்ததையோ, இருந்ததையோ, ஓர் இடத்தில் நின்றதையோ நான் கண்டதில்லை.

பேர் என்னவோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது கெற் அக்கா. துணுக்காய்ப் பக்கத்து வயல்காரக் குடும்பம். ஒரு மருந்துக்கடையில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கணவர் லண்டனுக்குத் திரும்பிவிட்டார். பின்னால் போவதென்றால் இவர் ஆங்கிலப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முதல் தடவை கொழும்புக்குப் போய்ப் பெயிலாகி வந்தார். அழவில்லை. நேரே அகராதியைத் திறந்தார். மற்றச் சொற்களெல்லாம் இரண்டொரு வரியில் அடங்கிக் கிடக்க, 'கெற்' (get) என்ற வினைச்சொல் மட்டும் பக்கம் பக்கமாகப் போயிற்று.

"பாரும், இவர்தான் இங்கிலீசின்ர பெரியாள்," என்றார். "சின்னாக்களைப் பிடிச்சு என்ன செய்யிறது? இவரைப் பிடிச்சால் மற்றவை தானா வருவினம்."

அன்று தொடங்கியது நடை. வாயில் பல்துலக்கியோடு கிணற்றைச் சுற்றிச் சுற்றி, "கெற் அப் எண்டால் எழும்பு. கெற் ஒன் எண்டால் ஏறு. கெற் அலோங் எண்டால் ஒத்துப்போ." வீட்டுக்கார அன்ரி குசினிக்குள் இடியப்பம் பிழிவார், ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை போகும், வரும், போகும்.

"பிள்ளை, ஒருக்கா கதிரையில இருமன். எனக்குத் தலை சுத்துது."

"இருந்தால் நித்திரை வரும் அன்ரி. கெற் ஸ்லீப்பி!"

இந்தச் சொல்லோடு ஒரு சனியன் உண்டு. வாலில் எதைக் கட்டுகிறோமோ அதற்கேற்ப அதன் குணம் மாறும். ஆனையிறவுக்குப் போகவேண்டிய ஒரு வெள்ளைக்காரர் இடம் மாறி வந்து, மருந்துக்கடைக்குள் நுழைந்து வழி கேட்டார். 'பாவம், வழி தவறிவிட்டீர்கள்' என்று ஆறுதல் சொல்ல நினைத்த அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக, "சேர், கெற் லொஸ்ற்!" என்றார். தொலைந்து போ என்று அர்த்தம். அந்த மனிதர் தொலைந்தே போனார். அதன்பிறகு வெளிநாட்டுக்காரரின் நிழல் தெரிந்தாலே முதலாளி அக்காவைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்.

எனக்கும் நிம்மதி இல்லை. வேலை முடிந்து கந்தோரால் வந்து செருப்பைக் கழற்றமுன் கேள்வி விழும்.

"கெற் பை?"

"சமாளிக்கிறது."

"கெற் அவே?"

"தப்பிப் போறது."

"கெற் யூஸ்ட் ரு?"

"பழகிப்போறது."

அதில் மட்டும் அவருடைய குரல் இறங்கியது. "ஆள் இல்லாமல் இருக்கப் பழகிப்போறதும் இதுதானோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இரண்டாவது பரீட்சை நெருங்கியது. 'இந்த முறையும் தவறினால் மகன் எத்தனை காலம் தனியாகக் கிடப்பான்?' என்று மாமியார் வீட்டில் கதை கிளம்பியிருந்தது. கணவருக்குத் தைரியம் சொல்ல ஆங்கிலத்திலேயே ஒரு குரல் செய்தி அனுப்ப அக்கா முடிவெடுத்தார். கெற் ஓவர் என்றால் கடப்பது என்று அகராதியில் இருந்தது. கடலைக் கடந்து கெதியில் உங்களிடம் வந்துவிடுவேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "ஐ வில் கெற் ஓவர் யூ வெரி சூன்" என்று தேன் ஒழுகச் சொல்லி அனுப்பிவிட்டு வேலைக்குப் போனார். ஆங்கிலம் தெரிந்தவன் காதில் அது, 'உன்னைக் கெதியில் மறந்துவிடுவேன்' என்று விழும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் அன்ரியின் போன் அலறியது. எடுத்தால் லண்டன் கணவர்.

"அன்ரி, அவ என்னை மறக்கப் போறாவாம்! அங்க என்ன நடக்குது? போனும் எடுக்கிறா இல்லை!"

"மறக்கிறதோ? தம்பி, உங்களால என்ர கிணத்தடியே தேய்ஞ்சு போச்சு!"

நான் சைக்கிளில் மருந்துக்கடைக்குப் பறந்தேன். விசயத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்தது. யாருக்கோ எடுத்த இருமல் மருந்துப் போத்தலையும் கையில் பிடித்தபடி வெளியே ஓடிவந்து, லொறிகள் இரையும் பெருந்தெருவோரம் போனுக்குள் கத்தினார்.

"மறக்கேல்லையப்பா! கடந்து வாறன் எண்டெல்லோ சொன்னனான்! உங்களை இல்லை, கடலை! கடலை!"

எதிர்ப்பக்கம் நின்ற கடலை வண்டிக்காரர் ஒரு சுருளோடு தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

மறுமுனையில் அந்த மனிதர் சிரித்தாரா, அழுதாரா, தெரியாது. அக்கா இரண்டையும் செய்தார். செய்துகொண்டே கடலையும் சாப்பிட்டார்.

பரீட்சையில், உங்கள் ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். "ஐ கெற் அப். ஐ கெற் ரெடி. பீப்பிள் கெற் சிக், தே கெற் மெடிசின். ஐ கெற் ரயர்ட். ஐ கெற் ஹோம்," என்று, எழும்புவதிலிருந்து வீடு திரும்புவது வரை எல்லாவற்றையும் கெற்றிலேயே அக்கா மூச்சுவிடாமல் ஒப்புவித்தாராம். அப்படியானால் உங்கள் கணவர்?

"ஹீ கெற்ஸ் லோன்லி," என்றாராம். தனிமை அவரை வாட்டுகிறது.

"கேள்வி கேட்ட மனுசி தன்ர தண்ணிப் போத்தலை என்ர பக்கம் தள்ளிவிட்டா," என்று வந்து சொன்னார்.

சித்தியடைந்தார். போய்விட்டார்.

இப்போது லண்டனிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். ஓர் ஆங்கிலச் சொல் வராது. "நாள் முழுக்க அதிலதானே கதைக்கிறனான். உம்மோட கதைக்கேக்கயாவது வாய் ஆறட்டும்," என்பார். கந்தோர் மேசையில் என் தேத்தண்ணீர் ஆறிப்போகும். மேலாளர் எட்டிப் பார்ப்பார். பாதிக் கதையில் போனை வைக்க எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.