பத்து நாள் வாழ்ந்த வம்சம்

என் தொழிலில் நானும் ஒரு மாபெரும் கண்டுபிடிப்புச் செய்திருக்கிறேன். அதன் ஆயுள் பத்து நாள்.

மரபணு ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுபவன் நான். ஆய்வுகூடம் வாசித்துத் தரும் தகவலில் எது தற்செயல், எது உண்மை என்று சொல்வது என் வேலை. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிழக்குக் கரையில் எச்சில் மாதிரி சேகரிக்க ஆள் தேடினார்கள். கல்முனை என் ஊர்தானே என்று கையைத் தூக்கிவிட்டேன். (மாதிரிக் குழாயை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.)

அது நோன்பு மாதம். எச்சில் கொடுக்க அரைமணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக்கூடாது என்பது விதி. இதைவிடத் தோதான மாதம் உண்டா? பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வாப்பா சொந்தக்காரர் முப்பது பேரை வீட்டு விறாந்தையில் கூட்டிவிட்டார். முப்பது பேருக்கும் வாய் காய்ந்து கிடந்தது. மாமி எவ்வளவோ முயன்றும் குழாயில் விழுந்தது நுரைதான்.

“நோன்பத் தொறந்துட்டுத் தாறமே மனே. இப்ப வாயில ஈரமே இல்ல” என்றார்.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். என் கூடப்பிறந்த ராத்தா காய்ச்சிய ஆட்டெலும்புக் கஞ்சியைக் குடித்து, கோப்பையை வைத்த கையோடு எல்லோரும் குழாயை நிரப்பித் தந்தார்கள். எச்சில் வந்த சந்தோஷத்தில் எனக்கு விதி மறந்தே போயிற்று.

சில வாரங்களில் கணினியில் வரைபடம் வந்தது. ஆளுக்கொரு புள்ளி; மரபணு ஒத்தவர்கள் அருகருகே நிற்பார்கள். எங்கள் முப்பது புள்ளிகளும் மற்ற மனிதர் எல்லோரையும் விட்டுத் தூர ஒரு மூலையில் நின்றன. உடனே வீட்டுக்குப் போன் எடுத்து, எங்கள் வம்சம் உலகில் வேறெங்கும் இல்லாதது என்று அறிவித்தேன். வாப்பா அன்றைக்கே கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்தார்.

பத்தாம் நாள் கூட்டத்தில், எனக்கு மேலதிகாரியான பேராசிரியை படத்தை நெடுநேரம் பார்த்தார். மாதிரி எப்போது எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அதற்கு முன் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அன்றே தகவலை மீண்டும் அலசியதில், எங்கள் அபூர்வ வம்சத்தில் பெரும்பங்கு ஆடு என்று தெரியவந்தது.

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனால் மாதிரியைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார்கள். பெருநாள் கழித்து ஊருக்குப் போனபோது வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“நட மனே, மஃரிபுக்கு முதல் முடிச்சிருவம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீடு வீடாகப் போனோம். ஒருவரும் மறுக்கவில்லை. மாமி வாயைக் கழுவி, அரைமணி நேரம் கதிரையில் அசையாமல் இருந்து தந்தார்.

சில வருடங்களின் பின் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்தா பிள்ளையை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“காது கொஞ்சம் நீளம்போலக் கிடக்கு. எதுக்கும் ஒருக்காக் கணக்குப் போட்டுப் பாரு.”

வாப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை. மகளுக்குப் பதினொரு வயது. எங்கள் குடும்பத்தில் இன்றும் அவள் காதைப் பார்க்காமல் யாரும் சலாம் சொல்வதில்லை.