உப்புப் போட்ட உரம்

நாயாறு,
ஆனி, 1999

அன்பின் மருமகன் மெல்ரொனுக்கு,

மடுமாதாவின் அருளாலும் கம்பளிச் சட்டையின் புண்ணியத்தாலும் நீர் நோர்வேக் குளிரில் நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். இங்கே நானும் மாமி மரியமலரும் சுகம். சுகம் என்று எழுதுவது கடித முறை. உண்மையில் மாமி என்னுடன் பேசி ஒரு கிழமையாகிறது. அதற்குக் காரணம் நீர்தான்.

நீர் படிக்கும் கடல்சார் பொருளாதாரத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர். தீவு நாடுகள் இனிக் கடலையும் பசுமையையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும், பிடிக்கிற மீனில் ஒரு செதிலையும் வீசக்கூடாது, கழிவு நிலத்துக்குப் போக வேண்டும், நிலத்தின் சோறு கரைக்கு வர வேண்டும், இதற்குப் பெயர் நிலைபேறான அபிவிருத்தி என்று. இதில் பாதி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யுத்தத் தடையால் மண்ணெண்ணெய் வராததால் இயந்திரத்தைச் சாக்கால் மூடிவிட்டுப் பாய் விரித்துத்தான் கடலுக்குப் போகிறோம். எங்களைவிடப் பசுமையாக எவன் மீன் பிடிக்கிறான்? மிச்சப் பாதியையும் செய்து காட்டலாம் என்று எனக்கு ஆசை பிடித்தது. ஆசை யாரை விட்டது.

தர்மபுரத்தில் ஆண்டியப்பன் என்று ஒருவர், மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்கிறார். மாரியில் கடல் எங்களைக் கிட்ட விடாது. அந்த மாதங்களில் எங்கள் குசினியில் உலை கொதிப்பது அவருடைய நெல்லால்தான். பதிலுக்கு நாங்கள் கருவாடு கொடுப்போம். இந்த முறை யூரியாவையும் இந்தப் பக்கம் விடாததால் அவருடைய மிளகாய்க் கன்றுகள் மஞ்சளடித்து நின்றன. "கருவாட்டை விடுங்கோ, மீன் தலை கொண்டுவந்து தாறன், தோட்டம் கரும்பச்சையாச் செழிச்சு நிக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உம்முடைய கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். நோர்வே என்றதும் மனிதர் நம்பிவிட்டார். மாரிக்கு வேண்டிய நெல் முழுவதையும் அந்தத் தலைகளுக்கே தருவதாக ஒத்துக்கொண்டார்.

கரை முழுக்கத் தலை சேர்த்துச் சாக்குகளில் கட்டி, தங்கராசாவின் மாட்டு வண்டியில் ஏற்ற ஆயத்தம் செய்தோம். தர்மபுரம் என்ன பக்கத்திலா இருக்கிறது? வழியில் நாறிவிடுமே என்று யோசித்தேன். மருமகன், நாங்கள் பரம்பரையாக மீன் பிடிக்கிற ஆட்கள். தூரம் போகிற மீனைக் கண்டால் கை தானாக உப்புக்குப் போய்விடும். அள்ளி அள்ளிப் போட்டேன். மாமிகூடப் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு பிடி போடுங்கோ, மனிசன் நம்பிக் கேட்டிருக்கிறார்" என்றார். அதை இப்போது அவர் ஒத்துக்கொள்வதில்லை.

முள்ளியவளை தாண்டும்போது முன்னே காகம், பின்னே நாய், நடுவே மூக்கைச் சால்வையால் கட்டிய தங்கராசா. திருநாளில் மாதாவைத் தூக்கிவரும் சுற்றுப்பிரகாரம் போலவே போய்ச் சேர்ந்தோம். ஆண்டியப்பனும் நானும் கன்றுக்குக் கன்று குழி தோண்டிப் புதைத்துத் தண்ணீரும் விட்டோம். கொஞ்ச நாளில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கன்றெல்லாம் இலை கருகித் தலை தொங்கி நிற்கின்றன. மனிதர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு கன்றைப் பிடுங்கி வேரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இது உரமா, ஊறுகாயா?" என்றார்.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அவருடன் நின்று தண்ணீர் இறைத்து உப்பைக் கழுவினேன். பாதிக் கன்று செத்தது, பாதி இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நெல்லைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த மாரிக்கு எங்கள் வீட்டில் அரிசி இல்லை, மருமகன். பகிடியாக எழுதுகிறேனே தவிர, உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் உமது அறிவுரைகளை இனி அந்த நாட்டு மீன்களுக்கே சொல்லும். எங்களுக்கு அபிவிருத்தி வேண்டாம். மீன் தலையைப் பழையபடி காகத்துக்கே போடுகிறேன். இதை உம்முடைய அம்மாவுக்கு எழுதிவிடாதேயும்.

அங்கே கோடையும் குளிர்தானாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போம். ஞாயிறு பூசையைத் தவறவிடாதேயும். மாதா உம்மைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக் காக்கட்டும்.

கோபம் ஆறாத உம் மாமா,
பேதுரு

பி.கு.: தபாலில் போடுவதற்கு வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவர் இன்னும் புறப்படாததால் இந்தக் கடிதம் கூரையில் செருகியபடியே கிடந்தது. அதற்குள் ஆண்டியப்பனின் மனைவி வடிவம்மா வண்டியில் வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் என்று நான் வலைக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டேன். விஷயம் வேறு. நாங்கள் புதைக்காமல் விட்டுவந்த சாக்கை அவிழ்த்து, உப்பில் கெடாமல் இருந்த தலைகளைக் கழுவிக் காயவைத்து, கத்தரிக்காயும் புளியும் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறார். வாசத்துக்குத் தெருவே வந்துவிட்டதாம். "மண்ணுக்குத் தின்னக் குடுத்தது போதும்ணே, இனி மனுசங்களுக்குக் குடுங்க" என்றார். தலை ஒரு சாக்குக்கு நெல் ஒரு மூட்டை என்று பேச்சு. முதல் மூட்டை அவர் வந்த வண்டியிலேயே இருந்தது. அதைக் கண்டதும் மாமிக்குப் பேச்சு வந்துவிட்டது, இன்னும் நிற்கவில்லை. மேலே எழுதிய ஒன்றையும் மனதில் வைக்காதேயும். தாளுக்குத் தட்டுப்பாடு என்பதால்தான் கிழிக்கவில்லை. வால்களும் குடல்களும் சும்மா கிடக்கின்றன. அவற்றுக்கு உம் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று உடனே எழுதும். மாமி சாக்கோடு நிற்கிறார்.