நிக்காத அண்ணன் நிறுத்திய பஸ்

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் டிரைவர்களில் எங்கள் டிரைவரைப் போல ஈவிரக்கம் இல்லாத மனிதர் கிடையாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'நிக்காத அண்ணன்'. கிருஷ்ணகிரியில் ஆட்களை ஏற்றிவிட்டால் அப்புறம் கம்பெனி கேட்டில்தான் பிரேக். டிபன் பாக்ஸோடு ஓடிவந்த மேனேஜரையே விட்டுவிட்டு வந்தவர். சானமாவு பக்கம் யானை ரோட்டைக் கடந்தபோது எல்லா வண்டியும் பயந்து ஒதுங்க, இவர் மட்டும், "ஷிப்ட்டுக்கு லேட்டாவுது, சீக்கிரம் போ சாமி" என்று அதனிடம் கெஞ்சினார்.

அந்த பஸ்ஸில் நான் ஆறு மாதக் கர்ப்பிணி. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரையில் தொற்றும் போனது, கூடவே ஓயாமல் வயிறும் போனது.

"கெட்ட கிருமியோட குடல்ல இருந்த நல்ல பாக்டீரியாவும் குறைஞ்சிருச்சும்மா. சரியாக கொஞ்ச நாளாகும். தண்ணி மட்டும் குறைக்காதீங்க" என்றார் டாக்டர்.

தண்ணீர் குடித்துவிட்டு இந்த பஸ்ஸில் ஏறுவதா? பயந்து குடிக்காமலே வந்தேன். வேலையை விட்டால் பிரசவ விடுப்பு கிடைக்காது.

ஒருநாள் காலை, சூளகிரி தாண்டியதும் முடியவில்லை. தலை சுற்ற, கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனேன்.

"அண்ணா... வயிறு..."

அவர் திரும்பவில்லை. ஆனால் வண்டி சட்டென்று ஒரு பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. எனக்கு முன்னால் அவர் குதித்திறங்கி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சண்டை போட்டு, முதலாளிக்கென்று பூட்டியிருந்த கழிவறையின் சாவியோடு வந்தார்.

திரும்பி வந்து, "நாளையிலேர்ந்து வரலண்ணா" என்று அழுதேன்.

"ஏன் வரமாட்ட? முன் சீட்ல குந்து. தண்ணியக் குடி. எங்க வேணுமோ சொல்லு, நிறுத்தறேன்."

தினமும் நிறுத்தினார். பங்க், கல்யாண மண்டபம், மாம்பழக்கூழ் ஆலை என்று வழியெல்லாம் வாட்ச்மேன்கள் எனக்குப் பழக்கமானார்கள். தாமதத்துக்கு மேனேஜர் விளக்கம் கேட்டார்.

"இன்ஜின் சூடாவுது சார்."

மெக்கானிக் வந்து குடைந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அண்ணன் அசரவில்லை.

"பஸ்ஸுக்கு வயிறு சரியில்ல சார். வெளிய பாத்தா தெரியாது."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரிக்காமல் தலையாட்டினார்கள்.

வயிறு மெல்லச் சரியானது. மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். எனக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊசி பட்டதும் குழந்தையைவிட அவர்தான் அதிகம் அழுதார்.