நாலு விரல் இடைவெளி

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, புதுப்பெண் திலகவதியை ஆடிக்கு அழைத்துப்போக அவள் அப்பா சிவசாமி குடுமியான்மலையிலிருந்து வந்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ் வளைவில் மறைந்த அந்த நிமிடமே இலுப்பூரில் இறக்குவோர் இனத்தில் ஒரு தலை கூடியது. அது திலகவதியின் கணவர், உரக்கடை நிலவழகன்.

இறக்குவோர் என்றால் யார்? சுமை இறக்குபவர்கள் அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டு, அதன் தரத்தை உயர்த்திவிட்டதாகச் சொல்பவர்கள். இதற்கென்றே ஒரு சாமான் விற்கிறது, பெயர் காயிலோவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்தது, உடம்பெல்லாம் மரை. வளையத்தை ஸ்பேனரால் திருகினால் கார் ஏறும், இறங்கும். குமிழைக் கிளிக் கிளிக்கென்று திருப்பினால் விறைக்கும், தளரும். ஏறும் என்பது விளம்பரத்துக்கு. இந்த இனத்தில் யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்க ஆளில்லாத மாதம். நிலவழகன் திருச்சிக்குப் போய்த் தன் காரில் அதை மாட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் டயருக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். நாலு விரல் போனால் அந்தச் சொந்தக்காரரை இரக்கத்தோடு நோக்கினார். உரம் ஏற்றி வந்த லாரியில் முழங்கைவரை போனபோது டிரைவரின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். பெரியப்பா இறந்த அன்று ஊரே அழுதுகொண்டிருக்க, அமரர் ஊர்தியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார். துக்கம் தாங்கவில்லை போல என்று இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். எழவில்லை. விரல் மாட்டியிருந்தது.

அவருடைய காரில் ஒரு விரல்தான் நுழையும். ஏறியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், "ரெண்டு கிளிக் தளத்துனா சரியாயிரும்" என்பார். கடையில் கடலை விலை இறங்கிவிட்டது என்று யாராவது புலம்பினாலும் அதையே சொன்னார்.

ஆவணி முதல் முகூர்த்தம். மனைவியைக் கூட்டிவரக் கிளம்பினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் காரை நிறுத்தி, சாலையில் படுத்து, வயிற்றை எட்டிப் பார்த்து, பிறகு நண்டு போலப் பக்கவாட்டில் ஏற்றினார். சித்தன்னவாசல் போகும் சுற்றுலா வேன் ஒன்று நின்று, "அடி பலமாங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

மாமனார் காரைச் சுற்றி வந்தார்.

"மாப்ள, நாலு டயருமா பஞ்சரு?"

"இல்ல மாமா. இதான் இதோட ஒயரம்."

இதுவரை ஒன்றும் கெடவில்லை. பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவார்களா? அரிசி மூட்டைகள் வந்தன, பித்தளை அண்டா வந்தது, கிரைண்டர் வந்தது, ஒரு சாக்குத் தேங்காய் வந்தது. எல்லாம் ஏறியதும் கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நாள் முழுக்க மூட்டை தூக்கி வைக்கும் மனிதர், உயரம் அளந்தது காலி காரில். ஸ்பேனரோ இலுப்பூரில்.

"அரிசிய அப்பறமா வந்து எடுத்துக்கிறேன் மாமா."

சிவசாமியின் முகம் சுருங்கியது. "சீர வாசல்ல எறக்கி வச்சுட்டுப் போனா எங்கிட்டு மூஞ்சியக் காட்டுறது மாப்ள?"

"அப்ப திலகா பஸ்ஸுல வரட்டும்."

"அரிசி கார்ல, நா பஸ்ஸுல?" என்றாள் திலகவதி.

"ரெண்டு கிளிக் மட்டும்..."

"ஒங்க கிளிக்க நீங்களே வச்சுக்கங்க. மனுசங்க ஒக்கார்ற மாதிரி இது எப்ப ஏறுதோ, அப்ப நானும் ஏறுறேன்."

குட்டியானை வாடகைக்கு வந்தது. பின்னால் சீர், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் திலகவதி. காலி காரில் கணவர் பின்தொடர்ந்தார். வேகத்தடைதோறும் குட்டியானை நின்று அவருக்காகக் காத்திருந்தது.

அதன்பின் அவள் சந்தைக்கும் கோயிலுக்கும் பஸ்ஸில்தான் போனாள். அவருக்கு உறுத்தாமல் இல்லை. பக்கத்து இருக்கையின் தூசியைத் தினமும் துடைத்தார். ஆனால் வளையத்தைத் திருகி ஏற்றவேண்டுமே? ஏற்றினால் தோற்றதாகிவிடாதா? ஆள் குறைந்தால் வண்டி வளைவில் நன்றாகத் திரும்புகிறது என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். யாரும் உட்காரக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா உங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லையே? இல்லையென்றால் நிம்மதி. ஆனால் வாசலில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு மேலே எத்தனை விரல் போகும் என்று இப்போது ஒரு கணம் நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் இது தொடங்குகிறது.

தை மாதத்தில் ஒருநாள் திலகவதி புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், பஸ்ஸில்தான். மத்தியானம் உரக்கடையில் போன் ஒலித்தது. அவளிடமிருந்து செய்தி:

"டாக்டரம்மா உறுதி பண்ணிட்டாங்க. இனிமே பஸ்ஸுல குலுங்கக் கூடாதாம். நாலு விரல் ஏத்திட்டு வந்து நில்லுங்க. கார்லயே வாரேன்."